மூணேமுக்கால் வட்டியில் சிக்கனப் பாடம்

"பையன் காலேஜ் சேந்தாச்சா? முதல் வேலையா ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக் குடுத்துடுங்க. பணத்தை எப்படிக் கையாளறதுன்னு தானா கத்துக்குவான்."

இந்த யோசனையை இப்போது யார்தான் சொல்லவில்லை? யூடியூபில் பத்து விரலையும் ஆட்டிப் பேசும் தம்பிகள் சொல்கிறார்கள். எஃப்.டி. போடப் போனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்கிறார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஐ.டி. கம்பெனி மருமகன்கள் சொல்கிறார்கள். காரணங்களும் மனப்பாடம் செய்ததுபோல ஒரே வரிசையில் வரும். எல்லாச் செலவும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் தெரியும், 50 நாள் வட்டி கிடையாது, சிபில் ஸ்கோர் இப்போதே ஏறத் தொடங்கும், பாயின்ட் கிடைக்கும், அவசரத்துக்கும் ஆகும்.

வங்கிக் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். கார்டு என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள் இல்லை. என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. பெட்ரோலுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் தேய்க்கிறேன். சம்பளமோ பென்ஷனோ மாதாமாதம் வருகிறவர், வரவு செலவு போட்டுப் பழகியவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். என் சண்டையெல்லாம் அந்தக் 'கத்துக்குவான்' என்ற ஒரு சொல்லோடுதான். வரவுக்குள் செலவு செய்யப் பழக வேண்டிய வயதில் கையில் கிடைக்கும் கிரெடிட் கார்டு, அந்தப் பழக்கம் படியவே விடாது. எப்படி என்று காட்ட என் அக்கா பையனின் கணக்கை எடுத்து வைக்கிறேன். பெயர் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதம் கொடுத்திருக்கிறான்.

கரூர்க்காரன். கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். மூன்று நண்பர்களோடு ரூம் எடுத்திருக்கிறான். வாடகையை அக்கா தனியாக அனுப்பிவிடுவாள். சாப்பாடு, பஸ், ரீசார்ஜ், ஜெராக்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாம் தேதி 6,000 ரூபாய் போகும். போன ஜூலையில், சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாயை அவன் பெயரில் எஃப்.டி. போட்டு, அதன் பேரில் ஒரு கார்டும் வாங்கிக் கொடுத்தாள் அக்கா. யோசனை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், சாப்பிட்டு எழுந்த கையோடு என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனான். "மாமா, நீங்க பேங்க்ல இருந்தவர்தானே. ஒரு போன் பண்ணி வட்டிய மட்டும் தள்ளுபடி பண்ணச் சொல்லுங்களேன்." போனை வாங்கிப் பார்த்தேன். பாக்கி 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

"எதுக்குடா மாப்ளே இவ்வளவு?"

"பெருசா ஒண்ணுமே வாங்கல மாமா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். டீ 12. ஜெராக்ஸ் 38. முட்டை பரோட்டா 70. டீ 12. டீ 24, அது நண்பனுக்கும் சேர்த்து. பிரியாணி 220. இப்படியே விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு 94 வரி. முன்பெல்லாம் டீக்கடையில் கார்டு தேய்க்க மிஷின் கிடையாது. அந்த ஒரு வேலி இருந்தது. 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைக்கும் வசதி வந்தபின் வேலி போய்விட்டது. கண்ணாடி ஜாடியில் சாய்த்து வைத்த க்யூஆர் அட்டையைக் காட்டி 12 ரூபாய்க்குக் கடன் வாங்கலாம்.

நாங்களும் டீக்கடையில் கணக்கு வைத்துக் குடித்தவர்கள்தான். ஆனால் அந்த நோட்டில் பாக்கி கொஞ்சம் ஏறியதும் டம்ளரை வைக்கும் சத்தமே மாறும். இன்னும் ஏறினால், "தம்பி, பழசு என்னாச்சு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார் கடைக்காரர். அந்த வெட்கத்தில் இரண்டு நாள் வேறு தெரு வழியாகப் போவோம். கார்டுக் கம்பெனி அப்படிக் கேட்காது. ஒழுங்காகக் கட்டுகிறவனைப் பார்த்து, "உங்கள் லிமிட்டை உயர்த்தட்டுமா?" என்றுதான் கேட்கும்.

இனி அந்த முதல் காரணத்துக்கு வருகிறேன். எல்லாச் செலவும் ஒரே இடத்தில் தெரிகிறது, ஆகவே பட்ஜெட் பழகும். 94 வரியும் அவன் போனில்தான் இருந்தன. ஒவ்வொரு மாதமும் வந்தன. பார்த்தும் இருக்கிறான். பிறகு ஏன் பழகவில்லை?

தினத்தாள் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம் அவனையே எழுத வைத்தேன். வரவு 6,000. ஸ்டேட்மென்ட்களைக் கூட்டி வகுத்தால் செலவு சராசரி 8,000. எளிமைக்காக, ஒரு மாதச் செலவுக்கு மறுமாதம் பில் என்றே வைத்துக்கொண்டோம். ஜூலைச் செலவு முழுக்கக் கார்டில் போய்விட்டதால் ஜூலைக்கு வந்த 6,000 அப்படியே கணக்கில் கிடந்தது. ஆகஸ்டில் இன்னொரு 6,000. ஆக 12,000, அதில் பில் 8,000 கட்டினான், 4,000 மிச்சம். செப்டம்பரில் 10,000 இருந்தது. 8,000 கட்டினான், 2,000 மிச்சம். அக்டோபரில் சரியாக 8,000, கட்டினான், சைபர். நவம்பரில் 6,000 வந்தது, பில் 8,000.

"மூணு மாசம் ஒரு நாள் கூடத் தவறாம கட்டினேன் மாமா" என்றான். கட்டியிருந்தான். அந்த மூன்று மாதமும் தான் சிக்கனக்காரன் என்று நம்பியிருந்தான். கையில் ரொக்கமாகவோ டெபிட் கார்டிலோ அந்த 6,000 இருந்திருந்தால், அவன் செலவு செய்த வேகத்துக்கு ஜூலை 23ஆம் தேதியே தீர்ந்திருக்கும். மீதி எட்டு நாள் தயிர் சாதமும் கடன் கேட்ட முகமுமாகப் போயிருக்கும். ஆகஸ்டில் கை தானாகச் சுருங்கியிருக்கும். ஜூலை 23இல் தெரிய வேண்டிய சேதி நவம்பரில் வந்து சேர்ந்தது, அதுவும் கடனோடு. கார்டு கொடுத்த முதல் மாத அவகாசம் அவன் ஓட்டையை மூன்று மாதம் மூடி வைத்திருக்கிறது.

பட்ஜெட் என்று நாம் சொல்வதில் பாதி, பணம் தீர்ந்துபோகும் என்பதை உடம்பு தெரிந்துகொள்வது. மாசக் கடைசி என்ற ஒன்று வந்தே தீரும் என்று தெரிந்தவன்தான் பத்தாம் தேதியே யோசிப்பான். கார்டில் மாசக் கடைசி என்பதே கிடையாது. இருப்பது பில் தேதி. அவன் பில் தேதி 12, கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 2. ஆகஸ்ட் 13இல் தின்ற பிரியாணிக்கு அக்டோபர் 2இல் பணம் போகும். அந்த 50 நாள் வட்டியில்லா அவகாசம் என்பது இதுதான். அதுவும் பில் முடிந்த மறுநாள் வாங்கியதற்கு மட்டும். செப்டம்பர் 12இல் வாங்கியதற்கு 20 நாள்தான். அக்டோபர் வரவில் ஆகஸ்டும் செப்டம்பரும் சாப்பிடுகின்றன, அக்டோபரின் வயிற்றுக்கு மறுபடி கடன். இந்த முடிச்சை அவிழ்த்துக் கணக்குப் போட எனக்கே காலண்டர் தாள் தேவைப்பட்டது. வரவு செலவு எழுதப் பழகாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதுவா அரிச்சுவடி?

செலவாளி, அவன் குணம் அப்படி, கார்டு என்ன செய்யும் என்று சிலர் கேட்கக்கூடும். குணத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். எம்.ஐ.டி.யில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் எம்.பி.ஏ. மாணவர்களை வைத்து ஒரு ஏலம் நடத்தி, 2001இல் அதை வெளியிட்டார்கள். கிடைக்காத கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு விலை எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு ரொக்கம்தான் என்றார்கள். பாதிப் பேருக்குக் கிரெடிட் கார்டு. ஒரே டிக்கெட், ஒரே வகுப்பு. கார்டு என்று சொல்லப்பட்டவர்கள் எழுதிய விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணத்தைப் பற்றியே படிக்க வந்தவர்கள் கதை இது. என் மாப்பிள்ளை எந்த மூலை?

அடுத்து வட்டி. முழுசாகக் கட்டினால் வட்டியே இல்லையே என்பார்கள். முழுசாகக் கட்ட முடியாத மாதம் ஒன்று வராதவரை என்று சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரு மாதம் பாக்கி வைத்தால் அந்த வட்டியில்லா அவகாசமே போய்விடும். அடுத்து குடிக்கும் டீக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். நவம்பரில் 2,000 ரூபாய் துண்டு விழுந்ததோடு இவனுக்கும் அது போனது. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் வந்த 6,000த்தை அப்படியே கொட்டியும் பாக்கி ஏறிக்கொண்டேதான் போயிருக்கிறது.

அந்த வட்டி எவ்வளவு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஊரில் வட்டியை யாரும் வருஷக் கணக்கில் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் எத்தனை என்பதுதான் பேச்சு. பேங்கில் நகைக்கடன் என்றால் முக்கால் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் 75 காசு. தெரிந்தவரிடம் புரட்டினால் ரெண்டு வட்டி. "மூணு வட்டிக்கு வாங்கியா கல்யாணம் பண்ணாங்க?" என்று அக்கா கேட்கும்போது அந்தக் குரலில் பாதி இரக்கம், பாதி இளப்பம் இருக்கும். கார்டில் மாதம் 3.75 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதை அந்தப் பாஷையில் சொன்னால் மூணேமுக்கால் வட்டி. வட்டிக்கு மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக நாலேகாலையும் தாண்டிவிடும். 2003இல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர்ப் பெயர்களையே எழுதித் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வங்கிக் கார்டுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் தெருமுனைக்காரர் கேட்டால் கொதிக்கிற வட்டியை, பளபளப்பான அட்டை கேட்டால் பாடக் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டில் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதாவது இந்த வட்டிக்கு இன்றைக்கு உச்சவரம்பு கிடையாது.

குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று ஸ்டேட்மென்ட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதத்தை ஒட்டி. 20,000 ரூபாய் பாக்கிக்கு 1,000 கட்டினால் போதும் என்றால் எந்தப் பையன் மகிழ மாட்டான்? அந்த 20,000த்துக்கு ஒரு மாத வட்டி 750. ஜிஎஸ்டி 135. ஆக 885. கட்டிய ஆயிரத்தில் கடன் குறைவது 115 ரூபாய். இதே 20,000த்தை முக்கால் வட்டிக்கு நகைக்கடன் வாங்கியிருந்தால் மாத வட்டி 150. குறைந்தபட்சம் மட்டுமே கட்டிவந்தால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மென்ட்டிலேயே எச்சரிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. எச்சரிக்கை இருக்கிறது. சிகரெட் அட்டையிலும்தான் இருக்கிறது.

எஃப்.டி. பேரில் வாங்கும் கார்டு பத்திரமானது என்ற வாதம்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது. யாருக்குப் பத்திரம்? 25,000 ரூபாய் வங்கியின் பிடியில் இருக்கிறது. பையன் கட்டாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆபத்தே இல்லை. ஆபத்தில்லாத கடனுக்கு வட்டி குறைய வேண்டுமா இல்லையா? சில கார்டுகளில் கொஞ்சம் குறைக்கிறார்கள். பலவற்றில் ஈடே இல்லாத கடனுக்கு வாங்கும் அதே வட்டிதான். அந்த எஃப்.டி.யை நேராகக் காட்டிக் கடன் கேட்டால், எஃப்.டி.க்குத் தரும் வட்டிக்கு மேல் ஒன்று இரண்டு சதவீதம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஏறக்குறைய நகைக்கடன் வட்டிக்கு. நானே கவுன்ட்டரில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவசரத்துக்கு ஆகும் என்கிறார்களே, அந்த அவசரத்துக்கு எஃப்.டி. போதாதா? கார்டின் லிமிட்டைப் பிரியாணி ஏற்கெனவே தின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அதில் என்ன மிஞ்சும்?

சிபில் ஸ்கோர் கதை இன்னும் வேடிக்கை. இது அமெரிக்காவிலிருந்து அப்படியே இறக்குமதியான பயம். அங்கே வாடகை வீடு பிடிக்கவே ஸ்கோர் கேட்பார்கள். நம் ஊர் வீட்டுக்காரர் கேட்பது அட்வான்ஸ் எத்தனை மாதம், நான்வெஜ் சமைப்பீர்களா என்பது மட்டும். அந்த அமெரிக்காவே கல்லூரி வாசலில் மேஜை போட்டு, டி-ஷர்ட் கொடுத்துக் கார்டு விற்ற கூத்தைப் பார்த்துச் சலித்து, 2009இல் சட்டம் கொண்டுவந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெரியவர் ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி வளாகத்தில் பரிசு கொடுத்து ஆள் பிடிக்கக் கூடாது. அவர்கள் பட்டுத் திருந்தியதை நாம் இப்போது புதுசாகத் தொடங்குகிறோம்.

ஸ்கோர் வேண்டுமே என்பவர்களுக்கு இரண்டு சேதி. கல்விக்கடன் வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கடனே கடன் வரலாறு. ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் அதிலேயே வரும். எதுவுமே வாங்காதவனுக்கும் கதவு மூடிவிடவில்லை. முதல்முறை கடன் கேட்கிறவரை, முன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி அறிவுறுத்தலை 2025இல் மத்திய நிதித்துறை நாடாளுமன்றத்திலேயே எடுத்துச் சொல்லிவிட்டது. வெற்றுப் பலகையில் பிறகு எழுதிக்கொள்ளலாம். தவணை தவறிய கோடு விழுந்த பலகையை அவ்வளவு லேசில் துடைக்க முடியாது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்புகின்றன. செமஸ்டர் பரீட்சை மும்முரத்தில் ஒரு தேதியை மறப்பவன் பெயர் பரீட்சை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

பாயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் 5,000 தேய்த்து ஒரு சதவீதம் கேஷ்பேக் வந்தால் 50 ரூபாய். ஒரே ஒரு தடவை தாமதக் கட்டணம் 500 என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு 590. வருஷம் முழுக்கச் சேர்த்த கேஷ்பேக் காலி. விமான நிலைய லவுஞ்ச் இலவசமாம். இவன் ஊருக்கு வருவது கரூர் பஸ்ஸில், பாதி நேரம் நின்றுகொண்டு.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். மோசடி நடந்தால் டெபிட் கார்டில் போவது நம் பணம். கிரெடிட் கார்டில் முதலில் போவது வங்கியின் பணம், தகராறு செய்ய நேரம் கிடைக்கும். உண்மைதான். அதற்கு மாணவன் செய்ய வேண்டியது இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, யூபிஐயை அதில் மட்டும் இணைத்து, வாரச் செலவை மட்டும் அதில் வைப்பது. போனால் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ போகும்.

நீச்சல் பழகணும்னா தண்ணியில இறங்கணும் என்று ஒரு வசனமும் உண்டு. இறங்க வேண்டும்தான். எங்கள் ஊர்க் கிணற்றில் என் தாய்மாமன் என்னை இறக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார். இவர்கள் ஆட்டுக்கல்லைக் கட்டி இறக்கச் சொல்கிறார்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கவுன்ட்டரில் நடந்த ஒன்று. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் இரண்டு மாணவிகள் பாஸ்புக்கில் வரவு போட வந்தார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அச்சடித்த பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போகாமல், கவுன்ட்டரிலேயே நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள். "சார், இந்த 17 ரூபா 70 காசு என்ன?" எஸ்எம்எஸ் சார்ஜ் என்றேன். "எனக்கு எஸ்எம்எஸ்ஸே வர்றதில்லையே சார்." பின்னால் வரிசை நின்றது. அவள் நகரவில்லை. அந்த 17 ரூபாய் 70 காசுக்கு அவள் கணக்கில் ஓர் இடம் இருந்தது. அது அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. என் மாப்பிள்ளையின் ஸ்டேட்மென்ட்டில் ஜிஎஸ்டி மட்டுமே நூற்றைத் தாண்டியிருந்தது. அந்த வரியை அவன் கவனித்திருக்கவே இல்லை.

வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. கோவைக்குத் திரும்பியதும் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தான். எஃப்.டி.யில் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைக் கணக்கில் போட்டார்கள். அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மாதம் 6,000 மாறவில்லை.

பிப்ரவரி 24ஆம் தேதி ராத்திரி போன் வந்தது. "மாமா, 340 ரூவாதான் இருக்கு. இன்னும் நாலு நாள் ஓட்டணும்."

"ரூம்ல அரிசி இருக்கா?"

"இருக்கு மாமா."

"ரசம் வைக்கத் தெரியுமாடா?"

"யூடியூப்ல பாத்துக்கறேன் மாமா."